குட்டி யானையில் ஏறும் தொலைநோக்கி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் வரை நீளும் தொழில் வழித்தடத்தில், பெரிய தொலைநோக்கி ஒன்றைக் கட்டுவதற்குத் தேவையான பொருள்களும் கைத்திறனும் பெரும்பாலும் கிடைக்கின்றன. அதைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய இருண்ட வானம் மட்டும் கிடைப்பதில்லை. 2000-ஆம் ஆண்டு முதல் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் ஆலையில் மிதவைக் கண்ணாடி (உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் சமதளமாக்கப்படும் தட்டைக் கண்ணாடி) வார்க்கப்படுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்களும், ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ நிசான் கார்களும், 2012 முதல் பாரத் பென்ஸ் லாரிகளும் உருவாகின்றன. இவற்றைச் சுற்றியிருக்கும் சிறு பட்டறைகளில் லேசர் வெட்டு, சி.என்.சி. கடைசல், பவுடர் கோட்டிங் ஆகியவை அன்றாட ஜாப் ஒர்க் வேலைகள். ஆனால் இந்த ஆலைகளின் முற்றங்களிலும், புதிய வாகனங்கள் வரிசையாக நிற்கும் யார்டுகளிலும், சாலைச் சந்திப்புகளின் உயர்கோபுரங்களிலும் இரவு முழுவதும் எரியும் விளக்குகள் வானத்தை வெளுக்கச் செய்வதால், ஆலைச் சுவரை ஒட்டிய குடியிருப்பின் மொட்டை மாடியில் நிற்பவருக்குப் பால்வீதி தென்படுவதே இல்லை.

பெரிய தொலைநோக்கி வாங்கினால் இந்தக் குறை தீரும் என்று எண்ணுவோர் உண்டு, அது நடவாது. தொலைநோக்கியின் வாய் அகலும்போது விண்மீனின் ஒளி எவ்வளவு கூடுதலாகத் திரட்டப்படுகிறதோ, வானப் பின்னணியின் ஒளியும் அவ்வளவு கூடுதலாகவே திரட்டப்படும். எனவே, பரந்து மங்கலாகத் தெரியும் விண்முகிலோ விண்மீன் மண்டலமோ அந்த வெளுத்த பின்னணியில் கரைந்தே போகும். சந்திரனும் கோள்களும் இரட்டை விண்மீன்களும் நகர வானத்திலும் நன்றாகத் தெரியும் என்றாலும், பெரிய ஆடி எதற்காகத் தேய்க்கப்படுகிறதோ அந்தக் காட்சிகள் இருண்ட இடத்தில்தான் கிடைக்கும். ஆகவே இந்த வழித்தடத்தில் வாழும் வானியல் ஆர்வலரின் தொலைநோக்கி பயணம் செய்தே ஆக வேண்டும். பயணத்தைத் தாங்கும் உடல், பயணங்களுக்கு இடையே பாதுகாப்பாகக் கிடக்கும் இடம், இவ்விரண்டுக்கும் ஏற்ப அதைத் திருத்தி அமைக்கும் கை ஆகிய மூன்றும் ஆடியின் விட்டத்தைவிட முக்கியமானவை; வாங்கும்போது இவற்றைக் கணக்கில் எடுக்காததால்தான் பல நல்ல கருவிகள் வீட்டு மூலைகளில் உறை போட்டபடியே கிடக்கின்றன. இது மிகவும் வருந்தத்தக்க வீணடிப்பு.

ஆர்வலர்கள் கையாளும் பெரிய தொலைநோக்கி பெரும்பாலும் நியூட்டன் வகையைச் சேர்ந்தது. குழாயின் அடியில் இருக்கும் குழிந்த முதன்மை ஆடி ஒளியைத் திரட்டி மேலே அனுப்ப, மேல்முனையில் சாய்வாகப் பொருத்தப்பட்ட சிறிய தட்டை ஆடி அதைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணருகு வில்லைக்குக் கொண்டு சேர்க்கிறது. இதைப் பீரங்கி வண்டியைப் போல் மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் அசையும் மரப்பெட்டியில் அமர்த்தும் முறை ஜான் டாப்சன் பெயரால் டாப்சோனியன் எனப்படுகிறது. பெய்ஜிங்கில் 1915-இல் பிறந்த டாப்சன், 1944 முதல் 1967 வரை ராமகிருஷ்ணர் மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாக வாழ்ந்தவர். கப்பல் சாளரக் கண்ணாடியையும் கட்டுமான அட்டைக் குழாயையும் பிளைவுட்டையும் கொண்டு அவர் செய்த தொலைநோக்கிகள் தெருவோரத்துக்கு உருட்டிச் செல்லப்பட்டு, வழிப்போக்கர்களின் கண்களுக்கு வானத்தைக் காட்டின. டெஃப்லான் துண்டுகளின் மேல் சன்மைகா போன்ற தகடு வழுக்கி நகரும் எளிய ஏற்பாடே அவற்றின் அச்சு. பிளைவுட்டும் சன்மைகாவும் தமிழ்நாட்டின் எந்தத் தச்சுப் பட்டறையிலும் கிடைப்பவை என்பதால், இந்த வடிவம் இங்கு வேரூன்றத் தடையேதும் இல்லை.

தொலைநோக்கி இடம்பெயர்வதும் உருமாறுவதும் தென்னிந்தியாவுக்குப் புதியவை அல்ல. சென்னை வானாய்வகத்தின் தொடக்கமே கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் வில்லியம் பெட்ரி 1786-இல் எழும்பூரில் தம் சொந்த ஆர்வத்தால் அமைத்த தனியார் வானாய்வகம்தான். அக்கருவிகள் கம்பெனியின் கைக்கு மாறி, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த கட்டடத்தில் குடியேறின. 1850-இல் பாரிசின் லெரபூர் செக்ரெத்தான் நிறுவனத்திடம் வாங்கப்பட்ட 15 செ.மீ. வில்லைத் தொலைநோக்கி, 1898-இல் கிரப் நிறுவனத்தால் மாற்றியமைக்கப்பட்டு, கோடைக்கானல் மலையில் சூரியனைப் படமெடுக்கும் பணியை ஏற்றது. ஐதராபாத்தில் நவாப் ஜாபர் ஜங் என்ற பிரபு, 15 அங்குல கிரப் தொலைநோக்கியை வரவழைத்துத் தம் நிலத்தில் நிறுவினார். 1907-இல் அவர் மறைந்தபின் அது நிஜாம் அரசின் பொறுப்பில் பேகம்பேட்டைக்கு இடம் மாறியது. அந்த நிஜாமியா வானாய்வகத்தின் உதவியாளர் ஒருவரின் மகனாகத் தொலைநோக்கிகளுக்கு அருகில் வளர்ந்தவரே வைணு பாப்பு. அவர்தான் பின்னாளில் ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தெடுத்து, கோடைக்கானல் பட்டறையில் உருவான 38 செ.மீ. தொலைநோக்கியை 1968-இல் அங்கே நிறுவினார். அங்கு 1986-இல் இயங்கத் தொடங்கி இன்று அவர் பெயரைத் தாங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடியும் பெங்களூரில் தேய்க்கப்பட்டுச் சாலை வழியே மலையேறியதுதான். ஓர் ஆர்வலர் வாங்கிய கருவி அவரோடு முடிந்துபோகாமல் இடம் மாறி வாழ்ந்ததால் விளைந்த பயனுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பயணத்தின் முதல் சிக்கல் எடையும் நீளமும் ஆகும். 16 அங்குலம் (ஏறத்தாழ 40.6 செ.மீ.) விட்டமும் 5 செ.மீ. தடிமனும் கொண்ட போரோசிலிகேட் கண்ணாடி ஆடி மட்டுமே 14 கிலோவுக்கு மேல் இருக்கும். அதன் குவியத் தூரம் விட்டத்தைப் போல் நாலரை மடங்கு என்று கொண்டால், குழாயின் நீளம் 1.8 மீட்டரைத் தொடும். அத்தகைய குழாய் சாதாரண காரின் பின்னிருக்கையில் நுழையாது. எனவே முழுக் குழாயைக் கைவிட்டு, கீழே ஆடிப்பெட்டி, மேலே சிறிய ஆடியும் வில்லைப் பிடிப்பும் உள்ள வளையக் கூடு, இரண்டையும் இணைக்கும் ஆறு அல்லது எட்டு அலுமினியக் கம்பங்கள் என்று பிரித்து அமைக்கும் முறை பரவியது. கம்பங்களைப் பிணைக்கும் திருகுகள் கீழே விழுந்து இருட்டில் தொலையாதவாறு, தனியே கழன்று வராத கைப்பிடித் திருகுகளாக இருப்பது நல்லது. எந்தக் கம்பம் எந்தத் துளைக்குரியது என்பதற்கு எண்ணிட்டு வைத்தால், ஒவ்வொரு முறையும் கருவி ஏறத்தாழ அதே நிலைக்குத் திரும்பும்.

பிரித்த பின்னும் ஆடிப்பெட்டி கனமானதே. கட்டுமானத் தள்ளுவண்டியைப் போல் அதற்கு இரு சக்கரங்களும் இரு நீண்ட கைப்பிடிகளும் பொருத்தி, சாய்பலகை வழியே வாகனத்தில் ஏற்றுவது முதுகைக் காக்கும். ஊர் முழுவதும் குட்டி யானை என்று அழைக்கப்படும் சிறு சரக்கு வாகனம் இதற்குப் பொருத்தமானதாகத் தோன்றினாலும், பாரமேற்றுவதற்கென வடிவமைக்கப்பட்ட அதன் விறைப்பான பட்டைவில் (லீஃப் ஸ்பிரிங்), பாரம் குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் துள்ளும். பின்சக்கர அச்சுக்குப் பின்னால் வைக்கப்படும் பொருளே மிக அதிகமாகத் தூக்கியடிக்கப்படுகிறது என்பதால், ஆடிப்பெட்டியை இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட பகுதியில், ஓட்டுநர் அறையை ஒட்டி வைத்து, ராட்செட் பெல்ட்டால் தளத்தோடு இறுக்க வேண்டும். பெல்ட் பெட்டியின் சட்டத்தை அழுத்த வேண்டுமே தவிர ஆடியின் பிடிப்புகளை அழுத்தக் கூடாது.

அதிர்வைத் தடுக்க மென்மையான மெத்தை போதும் என்ற நம்பிக்கை பரவலானது. ஆனால் மிக மென்மையான பஞ்சு 14 கிலோ எடையில் முழுவதும் அமுங்கி, அதிர்ச்சி வரும்போது உள்வாங்க இடமில்லாமல் போய்விடும். எடைக்கேற்ற கெட்டித்தன்மையும், அமுங்கியபின் மீதமிருக்கும் தடிமனுமே ஃபோமின் தகுதியைத் தீர்மானிக்கின்றன. இந்த அறிவு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் பொதிகட்டும் துறையில் நாள்தோறும் பயன்படுகிறது. மின்னணுப் பாகங்களும் வாகன விளக்குகளும் மீண்டும் மீண்டும் பயன்படும் பெட்டிகளில், பாகத்தின் வடிவத்துக்கேற்பக் குடையப்பட்ட ஃபோம் தட்டுகளில் ஆலைக்கு ஆலை செல்கின்றன. எல்லை மீறிய அதிர்ச்சி பட்டால் நிறம் மாறும் ஒட்டுச்சீட்டுகளும் சரக்குப் போக்குவரத்தில் புழக்கத்தில் உள்ளன. ஆடிக்கும் அப்படியொரு பெட்டியைச் செய்யலாம்: ஒளிபடும் முகத்தை எதுவும் தொடாமல், விளிம்பும் முதுகும் மட்டுமே தாங்கப்பட வேண்டும். காரணம், அந்த முகத்தின் மேலுள்ள அலுமினியப் பூச்சு ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே தடிமன் கொண்டது. தூசி படிந்த ஆடியின் மேல் துணி உரசினால், தூசியே உப்புத்தாளின் வேலையைச் செய்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி கடந்து ஜவ்வாது மலையை நோக்கிச் செல்லும் வழி, இந்த வழித்தடத்து ஆர்வலர்களுக்கு இயல்பான இருட்டுப் பாதை. அங்கே சென்று கருவியைப் பூட்டியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை ஒளி அச்சைச் சீரமைத்தல், அதாவது இரு ஆடிகளின் மையங்களையும் வில்லையின் மையத்தையும் ஒரே ஒளிப்பாதையில் கொண்டுவருதல். ஆடி குட்டையான குவியம் கொண்டதாக இருக்க இருக்க இதில் பிழைக்கு இடம் குறையும். கூர்மையாகத் தெரியும் மையப்பகுதியின் அகலம் குவிய விகிதத்தின் கனமடங்குக்கு ஏற்ப மாறுவதால், விகிதம் 8 உள்ள தொலைநோக்கியைவிட 4.5 உள்ளதில் அப்பகுதி ஐந்தரை மடங்குக்கு மேல் குறுகிவிடுகிறது. எளிதில் வண்டியில் ஏறுவதற்காகக் குட்டையான கருவியைத் தேர்ந்தவர், ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் சீரமைக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறார்.

பாதுகாத்து வைப்பதில் தமிழ்நாட்டுக் கடலோரச் சமவெளி குளிர்நாடுகளிலிருந்து அடிப்படையிலேயே வேறுபடுகிறது. குளிர்நாட்டு நூல்கள், சூடான அறையிலிருந்து குளிர்ந்த வெளிக்கு வரும் ஆடி ஆறும்வரை காத்திருக்கச் சொல்கின்றன, இங்கு ஏ.சி. அறையில் வைத்த தொலைநோக்கியை வெளியே கொண்டுவருபவர் நேர்மாறான சிக்கலைச் சந்திக்கிறார். காற்றின் வெப்பம் 30 பாகை செல்சியஸாகவும் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடாகவும் இருக்கும் மாலையில் பனிநிலை (காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 26 பாகைக்குச் சற்று மேலே இருக்கும். 24 பாகையில் குளிர்ந்து கிடந்த ஆடி அந்தக் காற்றைத் தொட்டவுடன் அதன் முகம் முழுவதும் நீர்த்துளிகள் படரும். அவசரப்பட்டுத் துடைத்தால் பூச்சு கீறும். ஆகவே பெரிய ஆடி காற்றோட்டமுள்ள, நிழலான, வெளிக்காற்றின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும் அறையில் இருப்பதே நல்லது. இரவுப் பார்வை முடிந்து பனியில் நனைந்த கருவியை அப்படியே மூடி வைப்பது அடுத்த தவறு. ஆடியைச் சாய்த்து நிறுத்தி, ஈரம் தானே உலர்ந்த பின்னரே மூட வேண்டும்.

சிறிய பாகங்களுக்கு இதற்கு மாறான நெறி பொருந்தும். கண்ணருகு வில்லைகளில் ஈரம் தங்கினால் பூஞ்சை படர்கிறது. அது சுரக்கும் அமிலம் வில்லையின் பூச்சையும், பின்னர் கண்ணாடியையும் அரித்துவிடுவதால், துடைத்த பின்னும் தடம் மறைவதில்லை. இவற்றைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, நிறம் மாறியவுடன் ஜெல்லை வாட்டிப் புதுப்பிக்க வேண்டும். (ஈரத்தால் கெடும் மின்னணுச் சில்லுகளை ஆலைகள் உலர்பெட்டிகளில் வைப்பதும் இதே காரணத்தால்தான்.) பிளைவுட் உடலுக்குப் பகை வேறு: கரையான், மழைநீர், திறந்த துளைகளில் மண்கூடு கட்டும் குளவி. கொதிநீரையும் தாங்கும் பசை கொண்ட, ஐ.எஸ். 710 தரக்குறியுள்ள மரைன் பிளைவுட்டைத் தேர்ந்து, வெட்டிய விளிம்புகள் எல்லாவற்றையும் வார்னிஷால் அடைத்து, கம்பங்களின் திறந்த வாய்களுக்கு மூடியிட்டால் இம்மூன்றும் தணியும். 2015 டிசம்பர் வெள்ளத்தை அறிந்த அடையாற்றுப் படுகையில், தரைத்தளத்தில் கருவி வைப்பவர் அதை மேடையின் மேல் வைப்பதே முறை. வடகிழக்குப் பருவமழையின் மேகமூட்ட மாதங்கள் கருவி அதிக நாள் உறங்கும் மாதங்களுமாதலால், அதற்கு முன் ஒருமுறை முழுமையாகச் சோதித்து வைப்பது நன்மை தரும்.

திருத்தி அமைத்தலில் முதலிடம் ஆடியின் தாங்கிக்கு உரியது. நல்ல ஆடியின் முகம், தான் கொள்ள வேண்டிய வளைவிலிருந்து ஏறத்தாழ 70 நானோமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. இது பச்சை ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கு. மிதவைக் கண்ணாடி பொதுவாக 19 மி.மீ. தடிமன் வரையே கிடைப்பதால் ஆறங்குல ஆடிக்கு நன்கு பொருந்துகிறது. அதையே 16 அங்குலத்துக்குப் பயன்படுத்தினால், ஆடி தன் எடையாலேயே அந்த அளவைக் கடந்து வளையும். மூன்று நெம்புகோல்கள், ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் ஒரு முக்கோணத் தகடு, ஒவ்வொரு முக்கோணத்திலும் மூன்று முனைகள் என்று பதினெட்டு புள்ளிகளில் எடையைப் பகிர்ந்தளிக்கும் தாங்கி இதற்கான விடை. அந்த முக்கோணங்களைத் தகட்டிலிருந்து வெட்டித் துளையிடுவது ஒரகடத்து லேசர் வெட்டுப் பட்டறைக்குச் சில நிமிட வேலை.

இரண்டாவது, சமநிலை. கருவி மேலும் கீழும் அசையும் அச்சிலிருந்து மேல்கூடு 140 செ.மீ. தொலைவிலும், ஆடிப்பெட்டியின் அடிப்பகுதி 35 செ.மீ. தொலைவிலும் இருந்தால், மேலே ஒரு கிலோ கேமராவைச் சேர்ப்பவர் கீழே நான்கு கிலோவைச் சேர்த்தாக வேண்டும். ஐந்து கிலோ கூடிய கருவியை அடுத்த பயணத்தில் அவரேதான் தூக்க வேண்டும். மேல்கூட்டில் குறைக்கப்படும் ஒவ்வொரு கிராமும் கீழே நான்கு மடங்காகத் திரும்பக் கிடைக்கும் என்பதே இக்கணக்கின் மறுபக்கம்.

மூன்றாவது, அட்சரேகை. விண்மீன்களைத் தானே பின்தொடர டாப்சோனியனின் அடியில் ஒரு சுழல்மேடை வைப்பதுண்டு. 1977-இல் ஆட்ரியன் போன்சே வெளியிட்ட இந்த ஏற்பாட்டில், மேடை பூமியின் அச்சுக்கு இணையான ஒரு கோட்டைச் சுற்றி மெல்லச் சாய்கிறது. அக்கோடு கருவியின் எடைமையத்தின் வழியே செல்ல வேண்டும். எடைமையம் 60 செ.மீ. உயரத்தில் இருக்கும்போது, 40 பாகை அட்சரேகையில் அக்கோடு தெற்கே ஏறத்தாழ 70 செ.மீ. தொலைவில் தரையைத் தொடுகிறது. 13 பாகையிலுள்ள ஸ்ரீபெரும்புதூரிலோ 2.6 மீட்டர் சென்றே தொடுகிறது. ஆகவே ஐரோப்பிய, அமெரிக்க வரைபடங்களை அப்படியே வெட்டினால் மேடை இங்கு சரிவர இயங்காது. தெற்கு முனையின் ஒற்றைச் சுழற்புள்ளியை விட்டுவிட்டு, வடக்கிலும் தெற்கிலும் வளைவுத் துண்டுகளை உருளைகளின் மேல் ஓடவிடும் வடிவத்தை இவ்வூர் அட்சரேகைக்கெனக் கணக்கிட வேண்டும்.

இவற்றுள் எதுவும் இந்த வழித்தடத்துக்கு எட்டாத தொழில்நுட்பம் அல்ல. இங்கு பணிபுரியும் ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த இளைஞர்கள் நுண்ணளவையும், அதிர்வையும், ஈரத் தடுப்பையும் ஆலைக்குள் நாள்தோறும் கையாளுகின்றனர். அந்தத் திறன் வாகனங்களாகவும் கைப்பேசிகளாகவும் உலகமெங்கும் செல்கிறது. அதைச் செய்தவர்களின் பிள்ளைகளோ சனிக்கோளின் வளையத்தைப் பாடநூல் படத்தில் மட்டுமே காண்கின்றனர். ஒரு பட்டறையின் ஒருநாள் ஜாப் ஒர்க்கும், ஒரு தச்சரின் சில நாள் உழைப்பும், ஒரு பள்ளியின் காற்றோட்டமான அறையும் சேர்ந்தால், வளையத்தை ஊருக்குள்ளேயே காட்டிவிட்டு, மழைக்காலம் முடிந்த தை முதல் சித்திரை வரையிலான அமாவாசை இரவுகளில் மலையடிவாரம் வரை சென்றுவரும் கருவி ஒன்று உருவாகும். அதன் வரைபடத்தில் முதலில் எழுதப்பட வேண்டியவை ஆடியின் விட்டமும் விலையும் அல்ல: அது ஏறும் வாகனத்தின் கதவு அகலம், அது இறங்கும் மாடிப்படியின் திருப்பம், அது உறங்கும் அறையின் உயரம், அதைத் தூக்கும் இருவரின் வலு. இந்த நான்கு அளவுகளையும் எடுத்த பிறகு ஆடியைத் தேர்ந்தெடுப்பவரின் தொலைநோக்கிதான் ஆண்டுதோறும் வெளியே வரும்.